தங்கபுஷ்பம் அக்கா எழுதிய பலகை இறங்காது

திரேஸ்புரத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது போன் வந்தது. தங்கபுஷ்பம் அக்காவின் மருமகள் பேசினாள். "பெரியம்மா, அத்தை போயிட்டாங்க" என்றாள். அழவில்லை. "காலையில காப்பி கேட்டாங்க. ஆத்திக்கிட்டு வாரதுக்குள்ள..." என்று சொல்லி அப்படியே நிறுத்திவிட்டாள். மீன்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள். மில்லர்புரத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த அக்கா என்றேன். அவள் தராசைக் கீழே வைத்தாள். "தாழ்ப்பாள் கேக்குத அக்காவா? என் மக கல்யாணத்துக்கு அவங்கதான பாத்திரம் தந்தாங்க" என்றாள். பிறகு என் கையிலிருந்த சாளைப் பையை வாங்கி மீனைத் திரும்பக் கூடையில் கொட்டினாள். "இதை இன்னைக்கு ஆக்க மாட்டீங்கல்லா, போயிட்டு வாங்க" என்றாள்.

நம் கோயில் கொடைத் திருவிழா மலரில் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி சங்கத்துச் செயலாளர் கேட்டார். "நல்லதா நாலு வரி போதும் பெரியம்மா. பழைய வம்பு எதுவும் வேண்டாம்" என்றார். நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள். நாலு வரியில் ஒருத்தியை அடக்க எனக்குத் தெரியாது. வம்பை விட்டுவிட்டுத் தங்கபுஷ்பம் அக்காவை எழுத யாருக்குமே தெரியாது. அவர் இன்னொன்றும் சொன்னார். கோயில் மடப்பள்ளிச் சுவரில் தொங்கும் அக்காவின் பலகையை இந்த வருஷம் இறக்கிவிட்டு, அதே ஆணியில் அவள் படத்தை மாட்டப் போகிறார்களாம். வெளியூரிலிருந்து சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள், பலகையைப் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்கிறார்கள். படம் மாட்டுவது அவளுக்குச் செய்யும் மரியாதையாம். எழுதியவளை ஏற்றி, எழுதியதை இறக்குவது என்ன வகை மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பலகை எப்படி வந்தது என்று தெரியாத பிள்ளைகளும் இந்த மலரைப் படிப்பார்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதில் ஒரு வரியை வெட்டுவதாக இருந்தால் முழுவதையும் எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள்.

அக்காவின் கடைப் பாத்திரங்களில் அவள் பெயர்தான் வெட்டியிருக்கும். த.பு. என்று இரண்டு எழுத்து. அவள் வீட்டுக்காரர் தன் பெயரை வெட்டாமல் அவள் பெயரை வெட்டி வைத்தார். அவர் அதிகம் பேசாதவர். பேச வேண்டியதெல்லாம் அவள் பேசிவிடுவாள். கல்யாணமோ சடங்கோ, அண்டாவும் தாம்பாளமும் கேட்டு யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். மண்டபத்தில் பெண்கள் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? வந்தவர்கள் விழிப்பார்கள். "பந்திக்கு எத்தனை பேர்னு ஊரெல்லாம் கேக்கான். தாழ்ப்பாள் இருக்கான்னு எவன் கேக்கான்? பொம்பளைப் பிள்ளை ஒரு கையால கதவைப் பிடிச்சிக்கிட்டு உக்காரணுமா?" என்பாள். தாழ்ப்பாள் இல்லாத மண்டபம் என்றால் பாத்திரத்தோடு ஒரு நீளக் கரண்டியையும் அனுப்புவாள். கதவின் இரண்டு வளையத்திலும் உள்ளேயிருந்து செருகிக்கொள்ள. சமையல்காரர் ஒருவர் தெரியாமல் அதை எடுத்துச் சாம்பாரில் போட்டுவிட்டார். அவரை அவள் பேசிய பேச்சை நான் இங்கே எழுதினால் மலரைக் கோயிலில் வைத்துக் கொடுக்க முடியாது.

இனி மஞ்சள் நீராட்டு. நம் கொடையின் கடைசி நாள் காலையில், மடப்பள்ளி வாசலில் அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் கரைத்து வைப்பதும், மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றி விளையாடுவதும் உங்களுக்குத் தெரியும். முறைக்காரர்கள், அதாவது கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள், கேலி பேசி ஊற்றிக்கொள்வது. நானும் ஊற்றியிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். அது சந்தோஷம்தான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வர வர அது வேறு மாதிரி ஆயிற்று. யார் எவர் என்று தெரியாத ஆட்கள் வந்தார்கள். குடித்துவிட்டு வந்தார்கள். தண்ணீரில் சாயப்பொடி கலந்தார்கள். கூட்டத்துக்குள் கை எங்கெங்கோ போனது. பெண்கள் ஒவ்வொருவராகக் கடைசி நாள் வருவதை நிறுத்தினார்கள். தலைவலி என்றார்கள், வீட்டுக்குத் தூரம் என்றார்கள். ஒருத்தியும் காரணத்தைச் சொல்லவில்லை. "ஏளா பாக்கியம், ஒரே நாளையில இத்தனை பேருக்கா தலைவலி?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

அடுத்த கொடைக்கு அவள் ஒரு தகரப் பலகையில் தானே பெயின்ட் அடித்து எழுதி மாட்டினாள். குடித்தவர் உள்ளே வரக்கூடாது. மஞ்சளும் தண்ணீரும் தவிர வேறு எதுவும் கலக்கக்கூடாது. மேலே கை படக்கூடாது. நாலாவதாக, முறைக்காரர் மட்டுமே ஊற்றலாம். சங்கத்தில் யாரும் எதிர்க்கவில்லை. தலைவர் அண்ணாச்சிகூட நல்ல காரியம் என்றார். வெளியாட்களைத் தடுத்துவிட்டால் நம் பெண்களுக்கு ஒரு குறையும் வராது என்று எல்லாரும் நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். பலகையின் அடியில் நின்று அவளும் நானும் அன்றைக்குப் பெருமையாக வெற்றிலை போட்டோம்.

அந்தக் கொடையில் நடந்ததை எழுதுவதற்கு முன்னால் என் பேத்தி கார்த்திகாவிடம் கேட்டேன். என் மகள் வயிற்றுப் பேத்தி. இப்போது கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள். துறைமுகத்துக்கு வருகிற கப்பலின் பெயரெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "உன் பேரைப் போடட்டுமாளா?" என்றேன். "போடுங்க ஆச்சி. மறைக்காம போடுங்க" என்றாள். இன்னொருவன் என் மகன் வயிற்றுப் பேரன். அவனிடமும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அதனால் அவன் பெயரை இங்கே போடவில்லை.

அப்போது கார்த்திகா காலேஜ் இரண்டாம் வருஷம். நான்தான் அவளைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன், அக்கா பலகை போட்டிருக்கிறாள், பயப்படாதே என்று. என் பேரன் பின்னாலிருந்து வந்து குடத்தோடு அவள் தலையில் கவிழ்த்தான். அவள் ஓடப் பார்த்தாள். அவன் அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தினான். அவனுடைய கூட்டாளி ஒருவன் போனில் படம் பிடித்தான். விடுடா என்று அவள் கத்தியதற்கு, "போர்டுல என்ன எழுதியிருக்கு, படிச்சியா? நான் முறைக்காரன்" என்று சொல்லி அவன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றேன். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நானும் சிரித்தேன். "மாமன் மகன்தானளா, சிரிச்சிட்டுப் போயேன்" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். இதை எழுதும்போது பேனா நிற்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மதியத்துக்குள் அந்தப் படம் தெருவில் எல்லார் போனிலும் இருந்தது. ஈரத் துணியோடு என் பேத்தி, அவள் இடுப்பில் என் பேரனின் கை. அதற்குப் பின்னால் சினிமாப் பாட்டு வேறு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் காட்டியபோதுதான் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. கார்த்திகா அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். இனிமேல் காலேஜுக்குப் போக மாட்டேன் என்றாள்.

மறுநாள் காலை அக்கா வந்தாள். நேரே அறைக் கதவுக்குப் போய், தட்டாமல், "உள்ள வரலாமா மக்கா?" என்று கேட்டாள். கதவு திறக்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் காப்பி கொண்டு வந்தேன், குடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவனை என்ன செய்ய வேண்டும், சொல்லு, சங்கத்தில் நிறுத்துவோமா, போலீசுக்குப் போவோமா என்று அக்கா கேட்டாள். படத்தை எல்லார் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள் என்றாள் கார்த்திகா. பிறகு சொன்னாள்.

"போர்டை மாத்துங்க பெரியாச்சி. அவன் உங்க போர்டைக் காட்டித்தான் ஊத்துனான்."

தங்கபுஷ்பம் அக்கா தரையில் கையூன்றி எழுந்தாள். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்தாள். "வெளியூர்க்காரனுக்குக் கதவைச் சாத்திட்டு, உள்ளூர்க்காரனுக்கு நானே சாவியைக் குடுத்துட்டேனேளா" என்றாள்.

அந்த வார்த்தையோடு அவள் வீட்டுக்குப் போய் அழுதிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போனாள். ஒரு கையில் கறுப்புப் பெயின்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ். பின்னால் அவள் வீட்டுக்காரர் பலகையையும் ஒரு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் பெண்கள் எப்போதும்போல் பின்வரிசையில் இருந்தோம். அவள் நடுவில் போய், ஸ்டூல் மேல் பலகையைச் சாத்தி, நாலாவது வரியின் மேல் கறுப்பை இழுத்தாள். சபை எழுந்துவிட்டது. தலைவர் அண்ணாச்சி ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, அக்காவுக்கு மட்டும் அத்தை மகன். அவருக்கு முகம் சிவந்தது.

"ஏளா புஷ்பம், முறையையே அழிக்கியா நீ?"

"முறையை நான் அழிக்கல அத்தான். முறையைச் சொல்லிக் கையை நீட்டுதான் பாத்தீங்களா, அந்தக் கையைத்தான் அழிக்கேன். எழுதுனது நான். தப்பா எழுதிட்டேன். தப்புன்னு சபையில சொல்லுதேன்."

நம் சங்கத்தில் ஒருவர் எழுந்து நின்று நான் செய்தது தப்பு என்று சொன்னதை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் கேட்கவில்லை. அவர்கள் பேசாமலா இருப்பார்கள்? விளையாட்டை வினையாக்குகிறாள் என்றார்கள். சாமி காரியத்தில் பொம்பளை சட்டம் போடுவதா என்றார்கள். ஒரு பையன் விளையாடியதற்கு ஊரையே குற்றம் சொல்வதா, பையன் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லையே என்று பொருளாளர் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் பார்க்காததால் நானே எழுந்தேன். "பையன் வீட்டுக்காரி நான்தான். பொம்பளைப் பிள்ளை வீட்டுக்காரியும் நான்தான். என் பேரன் செஞ்சது தப்பு. சிரிச்சேனே, நான் செஞ்சது அதைவிடத் தப்பு" என்றேன். என் மகன் எழுந்து வெளியே போனான். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கறுப்படித்த இடத்தில் அக்கா வெள்ளையில் எழுதினாள். அதைத்தான் நீங்கள் இப்போதும் படிக்கிறீர்கள். செம்பை முன்னால் நின்று நீட்ட வேண்டும். எதிரே நிற்பவர் தலை குனிந்தால் ஊற்றலாம். குனியாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அதன் கீழே, யாரையும் கேட்காமல் போனில் படம் எடுக்கக்கூடாது. இது பெண்ணுக்கு மட்டுமா என்று யாரோ கேட்டார்கள். "தலை உள்ள எல்லாருக்கும்" என்றாள். இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் தன் கடை அண்டாவில் ஒரு சொட்டு மஞ்சள் கரைக்க முடியாது என்றும் சொன்னாள். அவ்வளவு பெரிய அண்டா வேறு யாரிடமும் இல்லை என்பது சபைக்குத் தெரியும். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். மனதார அல்ல.

அடுத்த வருஷம் மஞ்சள் நீராட்டு. பலகை மாட்டியிருந்தது. பெண்கள் தள்ளி நின்றார்கள், என்ன நடக்கிறது பார்ப்போம் என்று. அக்கா போய் அண்டா பக்கத்தில் நின்றாள். அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு செம்போடு வந்தார். முகத்தில் சிரிப்பு. அத்தை மகன் அவர், மாமன் மகள் அவள், அறுபது வருஷப் பழக்கம். இவள் குனிவாள், ஊற்றுவோம், ஊர் கைதட்டும், பலகை ஒரு வேடிக்கையாகப் போய்விடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முன்னால் நின்று செம்பை நீட்டினார். அக்கா குனியவில்லை.

அவர் செம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அவள் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. கொட்டு அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவர், "ஊத்துங்க அண்ணாச்சி, அவ கெடக்கா" என்றார். அண்ணாச்சி நினைத்திருந்தால் ஊற்றியிருக்கலாம். ஊற்றியிருந்தால் பலகை அன்றோடு முடிந்திருக்கும். அவர் செம்பை இறக்கினார். தண்ணீரை அண்டாவிலேயே திரும்ப ஊற்றினார். திரும்பிப் போனார். அவர் மறுக்கப்பட்டுத் திரும்பி நடந்ததை நம் தெரு ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் இப்போது இல்லை. அவரையும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். அந்த நடை பெரிய நடை. அண்ணாச்சியே திரும்பிப் போனார், உனக்கென்னலே என்று சொல்லிச் சொல்லித்தான் அதன் பிறகு எத்தனை பேரை நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

அக்காவிடம் ஏன் குனியவில்லை என்று கேட்டேன். "எம்மேலயும் ஊத்தணும்னு ஆசைதாம்ளா. வெயில் வேற. ஆனா முதல் ஆளு திரும்பிப் போனாத்தான கடைசி ஆளுக்கு வழி தெரியும்" என்றாள். மறு வருஷம் அவர் திரும்ப வந்து நீட்டினார். அவள் குனிந்தாள். ஒரு செம்பு கேட்டு நின்றவர் இரண்டு செம்பு ஊற்றிவிட்டுப் போனார். அவள் சிரித்த சிரிப்பில் மூக்குத்தி கழன்று அண்டாவில் விழுந்து, அதைத் தேடி எடுக்க மத்தியானம் ஆயிற்று.

கார்த்திகா மூன்று வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. நாலாவது வருஷம் அவளாகவே வந்தாள். என் பேரன் செம்போடு போய் அவள் முன்னால் நின்றான். அவள் குனியவில்லை. அவன் போய்விட்டான். ஒவ்வொரு வருஷமும் அவன் நீட்டுகிறான், அவள் குனிவதில்லை, அவன் போகிறான். ஒருநாள் குனிந்தால்தான் என்ன என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். அது அவள் தலை. நான் கேட்க மாட்டேன். ஒருமுறை சிரித்த வாய் இது, இன்னொருமுறை அந்தத் தப்பைச் செய்யாது.

கடைசியாக அக்காவைப் பார்த்தபோது படுக்கையில் இருந்தாள். மூச்சு வாங்கியது. பலகையில் வெள்ளை உதிர்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் தலைமுடியை ஒதுக்கப் போனேன். என் கையைப் பார்த்தாள். நான் நிறுத்தி, ஒதுக்கட்டுமா அக்கா என்று கேட்டேன். "ம்... தேறிட்டா" என்று அவள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் தலையைக் காட்டினாள். "மரியாதை கையில தெரியணும்ளா. வாயில எவனும் சொல்லுவான்" என்றாள். அவள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அவள் வீட்டுக்காரர் எனக்கு ஒரு செம்பு தந்தார். த.பு. என்று வெட்டியது. விளிம்பு நசுங்கியது. அன்றைக்கு அண்ணாச்சி நீட்டியது இந்தச் செம்புதான் என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அது என் வீட்டில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் செம்பு, கேட்காமல் கை நீட்டாத பழக்கம், தப்பு என்று சபையில் சொல்லும் தைரியம், ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட். உதிர்ந்த எழுத்தை எல்லாம் போன வாரம் நானே தொட்டு எழுதிவிட்டேன். என் கையெழுத்து கோணல்தான். படிக்க வரும்.

அக்காவின் படத்தை மாட்டுங்கள். பெரிதாகப் போட்டு மாலையும் போடுங்கள். அதற்கு வேறு ஆணி அடித்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் பலகையைப் படிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பெண்களும் படிக்கட்டும். கடைசி நாள் காலையில் நான் அந்தப் பலகைக்கு அடியில்தான் நிற்பேன், பக்கத்தில் கார்த்திகா நிற்பாள். பலகையை இறக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முன்னால் வந்து கேளுங்கள். பின்னாலிருந்து வராதீர்கள். நான் தலை குனிய மாட்டேன். அண்ணாச்சி திரும்பிப் போன வழி உங்களுக்குத் தெரியும்.